ஒரு மாதக் கெடு யார் கழுத்துக்கு?

செக் திரும்பிய வழக்குகளில் நாள் கடந்து பிராது கொடுப்பவனுக்குக் கோர்ட்டு இரக்கம் காட்டவே கூடாது என்று வாதிக்கிற கனவான்கள் இருக்கிறார்கள். கெடு என்றால் கெடுதான், ஒரு நாள் பிந்தினாலும் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்பது இவர்களுடைய கட்சி. கோர்ட்டுகளில் வழக்குகள் மலைபோல் குவிந்து கிடப்பதற்கே ‘தாமத மன்னிப்பு’தான் காரணம் என்பதுபோலப் பேசுகிறார்கள். தூங்குகிறவனுக்குச் சட்டம் துணை நிற்காது என்று வேதாந்தமும் சொல்கிறார்கள்.

யார் தூங்கியது? எந்தக் கடிகாரத்தை வைத்து இவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள்? இதைத்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881-ல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. செக் திரும்புவதைக் குற்றமாக்கிய 138-வது பிரிவு அதில் 1988-ல் சேர்க்கப்பட்டு, 1989 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. இன்றைய நிலையில், கணக்கில் பணமில்லை என்று செக் திரும்பினால், அந்தச் செய்தி பாங்கிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் செக் கொடுத்தவனுக்கு எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் அவன் கைக்குச் சேர்ந்த பிறகு பணம் கட்ட அவனுக்கு 15 நாள் அவகாசம். அதிலும் கட்டாவிட்டால், அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் பிராது கொடுத்தாக வேண்டும். 142-வது பிரிவு விதிக்கும் கெடு இதுதான். 1989 முதல் 2003 பிப்ரவரி வரை, ஏறத்தாழ 14 ஆண்டுக்காலம், இந்தக் கெடுவில் ஒரு நாள் தப்பினாலும் வழக்கு செத்தது. மாஜிஸ்திரேட்டுக்கே மனம் இரங்கினாலும் அவர் கையில் அதிகாரம் இல்லை. நோட்டீஸ் கொடுக்க அன்றைக்கு இருந்த அவகாசமோ வெறும் 15 நாள். போதிய காரணம் இருந்ததென்று கோர்ட்டுக்குத் திருப்தி ஏற்பட்டால் கெடு கடந்த பிராதையும் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஒரு வரியை 2002-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம்தான் சேர்த்தது. 2003 பிப்ரவரி 6-ல் அது அமலுக்கு வந்தது. நோட்டீஸ் அவகாசம் 30 நாளானதும் அப்போதுதான்.

அந்த ஒரு வரியைத்தான் இந்தக் கனவான்கள் செல்லாக் காசாக்கப் பார்க்கிறார்கள்.

பனவடலிசத்திரத்தில் செக் யார் கைக்கு வருகிறது என்பதை இவர்கள் ஒரு தரம் வந்து பார்க்கட்டும். மானாவாரி நிலத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் உளுந்தும் போட்டவனுக்கு வருகிறது. கிடையிலிருந்து குட்டிகளை மொத்தமாக விற்றவனுக்கு வருகிறது. ஊரில் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு வெளியூர்க் கட்டிட வேலைக்குப் போன கொத்தனாருக்குக் கான்ட்ராக்டரிடமிருந்து வருகிறது. இவர்கள் யாரும் செக் கேட்டு வாங்கியவர்கள் அல்ல. கேட்டது ரொக்கம். கிடைத்தது பாதி ரொக்கம்; மீதிக்கு ஒரு மாதம் தள்ளித் தேதி போட்ட ஒரு காகிதம்.

அந்தக் காகிதம் திரும்புகிறது. பாங்கிலிருந்து செல்போனுக்கு இங்கிலீஷில் ஒரு வரி வந்து விழுகிறது. படித்துச் சொல்லக்கூடிய மகன் திருப்பூரில் இருக்கிறான். நாலு நாள் கழித்து நேரில் போய்க் கேட்டால், செக் திரும்பியதற்கான மெமோவைக் கையில் கொடுக்கிறார்கள். அதுவும் இங்கிலீஷ்தான். உடனே நம் ஆள் என்ன செய்கிறார்? வக்கீலைத் தேடி ஓடுவதில்லை. வியாபாரிக்குப் போன் போடுகிறார். “அண்ணாச்சி, ஒரு வாரம் பொறுங்க. மில்லுக்காரன் எனக்கே இன்னும் பணம் போடலை. நாம என்ன நேத்துப் பழகினவங்களா?” என்று பதில் வருகிறது. ஒரு வாரம் போகிறது. பிறகு அம்மன் கொடை முடியட்டும் என்கிறான். பிறகு தீபாவளி கழியட்டும் என்கிறான். கெட்டிக்கார வியாபாரி இன்னொன்றும் செய்வான்: நோட்டீஸ் போய்ச் சேர்ந்த பிறகு, அறுபதாயிரம் பாக்கியில் ஐயாயிரத்தை எடுத்து நீட்டி, “மிச்சத்தை அடுத்த வெள்ளிக்கிழமை வாங்கிக்கோங்க, கோர்ட்டு எதுக்கு?” என்பான். அந்த ஐயாயிரம் கடனைத் தீர்ப்பதற்காகக் கொடுத்ததல்ல. நாளைத் தீர்ப்பதற்காகக் கொடுத்தது. கெடு முடிந்த மறுநாளிலிருந்து அவன் போனை எடுப்பதில்லை.

மனு எழுதித் தரச் சொல்லிக் கட்சி ஆபீசுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது மெமோ என்றைக்குக் கிடைத்தது என்பதைத்தான். பத்துக்கு ஏழு பேரிடம் அதற்குப் பதில் இல்லை. “மழைக்கு முந்தி” என்பார்கள். “நடுவைக்கு ஆள் போன சமயம்” என்பார்கள். உழைக்கிறவனுடைய நாட்காட்டி இப்படித்தான் ஓடுகிறது. இங்கிருந்து சங்கரன்கோவிலுக்குப் போய் வக்கீலைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒரு நாள் கூலி போயிற்று. வக்கீல் வெளியூர் கேசுக்குப் போயிருந்தால் இரண்டு நாள் கூலி. பீஸுக்குப் பணம் புரட்ட வேண்டும். யாரிடம் புரட்டுவது? பல சமயம் அதே வியாபாரியிடம்!

இப்படிப்பட்டவன் பத்து நாள் பிந்தி வந்து நின்றால் அவனைத் ‘தூங்கினவன்’ என்று சொல்வதற்கு நாக்கு கூச வேண்டாமா?

‘தினந்தினம் ஆன தாமதத்துக்குத் தினந்தினம் காரணம் சொல்’ என்ற பழைய பிடிவாதத்தை உச்ச நீதிமன்றமே 1987-ல், அனந்தநாக் கலெக்டர் வழக்கில், தள்ளிவிட்டது. இதைப் பகுத்தறிவோடு நடைமுறைக்கேற்பப் பார்க்க வேண்டும் என்று அன்றே சொன்னது. அந்த வழக்கில் நாலு நாள் பிந்தி வந்தது யார் தெரியுமா? கூலிக்காரன் அல்ல, சர்க்கார்! நம் மாகாணத்திலிருந்தே போன பாலகிருஷ்ணன் எதிர் கிருஷ்ணமூர்த்தி வழக்கில், 1998-ல், 883 நாள் தாமதம் மன்னிக்கப்பட்டது. எத்தனை நாள் என்பதல்ல கேள்வி, சொல்லும் காரணம் ஏற்கத்தக்கதா என்பதே கேள்வி என்றது அந்தத் தீர்ப்பு. இவை சிவில் வழக்குகள், செக் வழக்குக்குப் பொருந்தாது என்று சிலர் கிளம்புவார்கள். செக் வழக்கிலேயே 2014-ல் பவன் குமார் ராலி வழக்கு இருக்கிறது. பிராது பிந்தியது என்று டில்லி ஹைகோர்ட்டு ரத்து செய்ததை உச்ச நீதிமன்றம் மாற்றி, தாமத மன்னிப்பு மனு போட்டுக்கொள்ள வாய்ப்புக் கொடுத்தது. 2002-ல் அந்த வரி சேர்க்கப்பட்டதே, வெறும் நாட்கணக்கால் நியாயமான வழக்கு அடிபடக் கூடாது என்பதற்காகத்தான்.

நாட்கணக்கு என்றதும் இன்னொரு வேடிக்கை நினைவுக்கு வருகிறது. 1995 செப்டம்பர் 29-ல் ஒரு கம்பெனிக்குச் செக் நோட்டீஸ் போய்ச் சேர்ந்தது. 15 நாள் அவகாசம் அக்டோபர் 14-ல் முடிந்தது. பிராது நவம்பர் 15-ல் கொடுக்கப்பட்டது. ஒரு நாள் பிந்திவிட்டது என்று தகராறு! சாகேத் இந்தியா என்ற அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கெடு தொடங்குகிற அக்டோபர் 15-ஐக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஆகவே பிராது சரியான காலத்தில்தான் வந்தது என்று 1999-ல் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டில் இன்னொரு தீர்ப்பு வேறு விதமாகப் போயிற்று. எது சரி என்பதை மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து முடிவு செய்தது 2013-ல். ஒரு மாதத்தை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதைச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் தீர்த்துக்கொள்ளவே இத்தனை ஆண்டு பிடித்திருக்கிறது. மக்காச்சோளக்காரன் ஒரு நாள் எண்ணத் தவறினால் மட்டும் அவன் சோம்பேறியா?

கெடு பிரம்மதேவன் எழுத்து, அதை மாற்றவே முடியாது என்கிறார்கள். வேண்டும்போது மாற்றியிருக்கிறார்கள். 2014 ஆகஸ்ட் 1-ல், தசரத் ரூப்சிங் ராத்தோட் வழக்கில், செக் கொடுத்தவனுடைய பாங்கு எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கோயம்புத்தூர் செக் என்றால் சங்கரன்கோவில்காரன் கோயம்புத்தூர் போக வேண்டும்! ஏற்கனவே போட்ட எண்ணற்ற வழக்குகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. அப்போது, 30 நாளுக்குள் புதிய கோர்ட்டில் போட்டால் காலத்தில் போட்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்று சலுகையும் தந்தார்கள். அடுத்த வருஷமே, 2015-ல், சட்டத்தைத் திருத்தினார்கள். கணக்கில் போட்டு வசூலிக்கிற செக்குக்கு, பணம் பெற வேண்டியவனுடைய பாங்குக் கிளை இருக்கும் எல்லையிலேயே வழக்கு என்றாயிற்று. கொரோனாக் காலத்தில் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை நாடு முழுவதும் கெடுக் கணக்கையே உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 138-வது பிரிவின் நோட்டீஸ் கெடுவுக்கும் அது பொருந்தும் என்று தெளிவாகவே எழுதியது. வேண்டியதுதான், வரவேற்கிறோம். கம்பெனி ஒன்று திவால் கோர்ட்டுக்குப் போய் நின்றால் என்ன ஆகிறது? தடைக்காலம் முடியும்வரை அந்தக் கம்பெனி மீதான செக் வழக்கை நடத்த முடியாது, டைரக்டர்கள் மீது மட்டும்தான் நடத்தலாம் என்று 2021 மார்ச்சில் மோகன்ராஜ் வழக்கில் தீர்ப்பாயிற்று. ஆக, கம்பெனிக்கு நெருக்கடி வந்தால் கடிகாரம் நிற்கும். கூலிக்காரன் வீட்டில் சாவு விழுந்து, அதனால் பதினைந்து நாள் பிந்தினால் மட்டும் கடிகாரம் நிற்கக் கூடாது. அப்படி நின்றால் சட்டத்தின் மாண்பு கெட்டுவிடும்!

சரி, இவ்வளவு நாள் எண்ணுகிற கோர்ட்டு தன் நாளை எண்ணுகிறதா? 143-வது பிரிவில் ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1,70,000 ரூபாய் செக் தகராறு ஒன்று, 2005-ல் தொடங்கியது, கீழ்க்கோர்ட்டில் மட்டும் ஏழு வருஷம் இழுத்து, 15 வருஷமாகப் பல கோர்ட்டுகளில் அலைந்து 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் வந்து நின்றது. அதைப் பார்த்துத் திடுக்கிட்டுத்தான் உச்ச நீதிமன்றம் செக் வழக்குகளின் தேக்கம் பற்றித் தானாகவே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டது. அதில் வெளிவந்த கணக்கு இது: 2019 டிசம்பர் 31-ல் நாட்டில் நிலுவையில் இருந்த கிரிமினல் வழக்குகள் 2.31 கோடி, அதில் செக் வழக்குகள் மட்டும் 35.16 லட்சம். சட்டக் கமிஷன் 2008-லேயே, தன் 213-வது அறிக்கையில், 38 லட்சத்துக்கு மேல் தேங்கிக் கிடப்பதைச் சொல்லித் தனிக் கோர்ட்டுகள் வேண்டுமென்று கேட்டது. 2022-ல்தான் அதற்கு ஒரு பரீட்சார்த்தம் தொடங்கியது. மகாராஷ்டிரம், டில்லி, குஜராத், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் என்று ஐந்து இடங்கள். தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை.

இந்தத் தேக்கத்துக்குக் காரணம் பத்து நாள் பிந்தி வந்த பிராதா? எதிரிக்குச் சம்மன் போய்ச் சேராமல் வருஷக்கணக்கில் வாய்தா விழுவது யார் குற்றம்? கோர்ட்டின் தாமதத்துக்கு, சர்க்காரின் தாமதத்துக்கு, யாரிடம் போய் மன்னிப்பு மனு வாங்குவது?

கரும்பு விவசாயிகளைக் கேளுங்கள், இன்னும் தெளிவாகச் சொல்வார்கள். 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவுப்படி, கரும்பு வாங்கிய 14 நாளுக்குள் ஆலை பணம் கொடுக்க வேண்டும். தவறினால் 15 சதவிகித வட்டி சேர்த்துத் தர வேண்டும். இதுவும் சட்டப்படியான கெடுதான். இந்தக் கெடு தாண்டி மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் பாக்கி வைத்த ஆலைகள் தமிழ்நாட்டில் ஒன்றா, இரண்டா? ‘கெடு என்றால் கெடுதான்’ என்று அங்கே போய் ஒரு கனவானும் முழங்கக் காணோம்.

மத்திய சர்க்காரோ இன்னும் ஒரு படி மேலே போகப் பார்த்தது. 2020 ஜூனில், ஊரடங்கில் ஏழை எளியவர்கள் தத்தளித்துக்கொண்டிருந்த வேளையில், தொழில் நடத்துவதை எளிதாக்குகிறோம் என்று சொல்லி, குற்றப் பட்டியலிலிருந்து நீக்கலாமா என்று பரிசீலித்த சட்டப் பிரிவுகளில் இந்த 138-ஐயும் நிதி அமைச்சகம் சேர்த்திருந்தது. எதிர்ப்பு கிளம்பியது, யோசனை அத்தோடு நின்றது. யாருடைய தொழிலை எளிதாக்க நினைத்தார்கள் என்பதைப் பனவடலிசத்திரம் களத்துமேட்டில் நின்று பார்த்தால் விளங்கும்.

இப்போது நம் பக்கத்திலிருந்தே வருகிற ஓர் ஆட்சேபணைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். “செக் சட்டமே கடன் கொடுப்பவனுக்கான சட்டம். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்களில் எத்தனையோ பேர் ஏழைகள். கெடு ஒன்றுதான் அவர்களுக்குக் கிடைக்கிற பாதுகாப்பு. அதையும் தளர்த்தச் சொல்லலாமா?” என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல இது.

கந்துவட்டிக்காரனும் பைனான்ஸ்காரனும் என்ன செய்கிறார்கள்? பத்தாயிரம் கடனுக்கு, தேதியும் தொகையும் எழுதாத நாலு வெற்றுச் செக்கில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். மனமறிந்து கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுச் செக்காக இருந்தாலும், கடனுக்காகக் கொடுத்தது என்றே சட்டம் அனுமானிக்கும் என்று 2019-ல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இல்லை என்று நிரூபிக்கிற பாரம் கையெழுத்துப் போட்டவன் தலையில். கவனியுங்கள் தோழர்களே: அந்தச் செக்கில் தேதியைப் போடுவது யார்? கடன் கொடுத்தவனே! செக்கின் ஆயுள் மூன்று மாதம் என்று 2012 ஏப்ரல் முதல் ரிசர்வ் பாங்கு வைத்திருக்கிறது. அந்த மூன்று மாதம் அவன் பேனா பட்ட நாளிலிருந்துதான் தொடங்குகிறது. அவனுக்குக் கெடு என்ற ஒன்றே கிடையாது. கடிகாரத்தைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வேண்டிய நாளில் சாவி கொடுக்கிறான். 2003-லேயே அநியாய வட்டித் தடைச் சட்டம் போட்ட தமிழ்நாட்டில், 2017 அக்டோபரில், திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசலில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் தீக்குளித்து மாண்டதை நாம் மறந்துவிடவில்லை.

ஆகவே, கெடு கடனாளியைக் காப்பாற்றுகிறது என்பது பெரும்பாலும் கானல் நீர். கெடு கறாராக இருந்தால் அதில் மாட்டுகிறவன், தேதியைத் தானே போட முடியாதவன்தான். அதாவது வியாபாரி போட்ட தேதியை வாங்கிக்கொண்ட விவசாயியும் கொத்தனாரும்தான். வட்டிக்காரன் மாட்டுவதே இல்லை. அப்படியும் எப்போதாவது ஒரு பைனான்ஸ் கம்பெனி பிந்தி வந்து, “பைல் இடம் மாறிவிட்டது, அதிகாரி லீவில் போய்விட்டார்” என்று மனுப் போட்டால், கோர்ட்டு அதை வேறு கண்ணால் பார்க்க வேண்டும். சம்பளத்துக்கு வக்கீலும் நாள் நினைவூட்டக் கம்ப்யூட்டரும் வைத்திருப்பவனுக்குப் ‘போதிய காரணம்’ என்பது ஒன்று. மெமோவைப் படித்துச் சொல்ல ஆள் தேடுகிறவனுக்கு அது வேறொன்று. இருவரையும் ஒரே முழக்கோலால் அளப்பது சமத்துவம் ஆகாது. மன்னிப்பு மனு வந்தால் எதிர்த்தரப்பையும் கேட்டுவிட்டு உத்தரவு போடட்டும்; அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. கூண்டில் நிற்பவன் நம் ஆளாக இருந்தால் அந்த விசாரணை அவனுக்கும் பயன்படும்.

சங்கரன்கோவில் வட்டாரத் தோழர்களும் விவசாயிகளும் கவனத்தில் வைக்க வேண்டியவை சில உண்டு. ஒரு மாதக் கெடு தாண்டிவிட்டால், பிராதோடு தாமத மன்னிப்பு மனுவையும் தனியாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். எத்தனை நாள் தாமதம், ஏன் என்பதை மறைக்காமல் எழுதி, ஆஸ்பத்திரிச் சீட்டோ வேறு அத்தாட்சியோ சேர்க்க வேண்டும். மனுவே போடாமல் மாஜிஸ்திரேட் தானாக மன்னித்துவிடுவார் என்று இருந்தால், வழக்கு பிற்பாடு மேல்கோர்ட்டில் விழும். மன்னிப்பு உத்தரவு ஆன பிறகுதான் வழக்கையே கோப்பில் எடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் 30 நாள் நோட்டீஸ் கெடுவுக்கு இந்த மன்னிப்புக் கிடையாது! பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அந்தக் கெடு போய்விட்டாலும், செக்கின் மூன்று மாத ஆயுள் மீதமிருந்தால் மறுபடி பாங்கில் போடலாம். மறுபடி திரும்பினால் புதிதாக நோட்டீஸ் கொடுக்கலாம். முதல் தடவை விட்டால் அவ்வளவுதான் என்றிருந்த 1998-ஆம் ஆண்டுத் தீர்ப்பை, நம் மாகாணத்து எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் 2012 செப்டம்பரில் மாற்றிவிட்டார்கள். எல்லாம் தவறிப்போனால் மூன்று வருஷத்துக்குள் சிவில் வழக்கு இருக்கவே இருக்கிறது. அதற்குக் கோர்ட்டுக் கட்டணம் முன்பு நூற்றுக்கு ஏழரை ரூபாய்; 2017-ல் மூன்று ரூபாயாகக் குறைத்தார்கள். ஒரு லட்சம் பாக்கியை வசூலிக்க மூவாயிரம் ரூபாயை முன்னாலேயே கட்டச் சொல்கிறது சர்க்கார்.

வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் நாம் கேட்பது இது: பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவச வக்கீல் தர வேண்டுமென்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதைச் சங்கரன்கோவில் கோர்ட்டு வளாகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், மாதம் ஒரு நாள் பனவடலிசத்திரத்துக்கு வந்து உட்கார வேண்டும். பாங்குகளிடம் கேட்பது: திரும்பிய செக்குக்கான மெமோவைத் தமிழிலும் கொடுங்கள், நோட்டீஸ் அனுப்பக் கடைசித் தேதி எது என்பதை அதிலேயே அச்சடியுங்கள். ஒரு வரி மை செலவு. லட்சக்கணக்கான கணக்குகளுக்கு மினிமம் பாலன்ஸ் இல்லை என்று பிடித்தம் செய்யத் தெரிந்த கம்ப்யூட்டருக்கு, முப்பது நாளைக் கூட்டிச் சொல்லத் தெரியாமல் போகாது.

அதுவரை நம் ஆட்கள் மெமோ கிடைத்த அன்றைக்கே அதன் பின்புறத்தில் தேதியை எழுதி வைக்கட்டும். பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். நோட்டீஸை அதில் அனுப்பி, ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் பத்திரப்படுத்த வேண்டும். வியாபாரி “அடுத்த வெள்ளிக்கிழமை” என்று செல்போனில் அனுப்புகிற செய்தி ஒவ்வொன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். மன்னிப்பு மனுவில் தாமதத்துக்கு யார் காரணம் என்று காட்ட, அவனே எழுதிக் கொடுத்த சாட்சியம் அது.